சிரா வைனின் முதிர்வு

சிரா வைனின் முதிர்வு என்பது சிரா என்னும் கருந்திராட்சை வகையிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு வைன் (திராட்சை மது), புட்டியில் அடைக்கப்பட்ட பின் ஆண்டுக்கணக்கில் நிறம், மணம், சுவை ஆகியவற்றில் அடையும் மாற்றங்களைக் குறிக்கும். இக்கட்டுரை குறிப்பாகக் குளிர்ந்த தட்பவெப்பம் கொண்ட நிலங்களில் விளையும் சிராவைப் பற்றியது. இவ்வைன் இளமையில் கருமிளகின் மணமும் புளிப்பும் துவர்ப்பும் கொண்டது. முதிர முதிரப் பழமணம் பின்வாங்கி, தோல், புகையூட்டிய இறைச்சி, ஈரச்சருகு, புகையிலை போன்ற மணங்கள் முன்வருகின்றன. மிளகு மணம் மட்டும் பெரும்பாலும் கடைசிவரை நிற்கிறது. அது ஏன் என்பதற்கான விடை 2008 வரை தெரியாமல் இருந்தது.

வைன் பழையதாக ஆக ஆகச் சிறப்படையும் என்ற பரவலான கருத்து சரியன்று. உலகில் தயாரிக்கப்படும் வைனில் மிகப் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளுக்குள் அருந்துவதற்கென்றே செய்யப்படுகிறது. வைத்திருந்தால் அது மேம்படுவதில்லை, கெடுகிறது. பத்து ஆண்டுகளுக்கு மேல் தாங்கும் சிறுபான்மையில் நல்ல குளிர்நிலச் சிராவும் ஒன்று.

பெயரும் பிறப்பும்

இத்திராட்சை பிரான்சில் சிரா என்றும் ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் என்றும் அழைக்கப்படுகிறது. இரண்டும் ஒரே கொடியே. ஷிராஸ் என்ற பெயரைக் கொண்டு இது பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்றும், சிலுவைப் போரிலிருந்து திரும்பிய காஸ்பார் டி ஸ்டெரிம்பேர் என்ற வீரர் இதைக் கொண்டுவந்து ரோன் ஆற்றங்கரைக் குன்றொன்றில் துறவியாக வாழ்ந்தார் என்றும் கதைகள் உண்டு. 1998இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கரோல் மெரிடித்தும் பிரான்சின் மோன்பெலியேயைச் சேர்ந்த ஆய்வாளர்களும் மேற்கொண்ட மரபணுச் சோதனை இக்கதைகளை முடித்து வைத்தது. சிராவின் தந்தைக்கொடி துரேசா, தாய்க்கொடி மோந்தேஸ் பிளான்ஷ். இரண்டும் தென்கிழக்குப் பிரான்சின் அதிகம் அறியப்படாத வகைகள். ஆகவே சிரா பிறந்த இடம் ரோன் பள்ளத்தாக்கின் வடபகுதி அல்லது அதன் அண்டை நிலம் என்பதே இன்றைய முடிவு.

ஆஸ்திரேலியாவுக்கு இக்கொடியை 1830களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பஸ்பி கொண்டுசென்றார். இன்று புட்டியின் மேல் எந்தப் பெயர் அச்சிடப்படுகிறது என்பது ஓரளவு பாணியையும் குறிக்கிறது. செறிவான, இனிய பழச்சுவை மிகுந்த வெப்பநில வைனுக்கு ஷிராஸ் என்றும், மெலிந்த, மிளகு மணம் கொண்ட குளிர்நில வைனுக்குச் சிரா என்றும் பெயரிடும் வழக்கம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் பரவியுள்ளது. இது சட்டமன்று, வழக்கம் மட்டுமே.

குளிர்நிலம்

குளிர்நிலம் என்பது ஒப்பீட்டுச் சொல். மிகக் குளிர்ந்த இடத்தில் சிரா பழுக்கவே செய்யாது. பழுப்பதற்குப் போதுமான, ஆனால் அதற்கு மேல் இல்லாத வெப்பமே இங்குப் பொருள். இதன் மூல எடுத்துக்காட்டு ஏறத்தாழ 45 பாகை வட அகலக்கோட்டில் அமைந்த வடக்கு ரோன். இங்குள்ள எர்மிட்டாஜ், கோத் ரோட்டி, கோர்னாஸ், சான் ஜோசப், குரோஸ் எர்மிட்டாஜ் ஆகியவை சிராவுக்குப் பெயர்பெற்றவை. இவற்றுள் கோத் ரோட்டி என்பதற்கு 'வறுபட்ட சரிவு' என்று பொருள். குளிர்நிலச் சிராவின் தாயகங்களுள் ஒன்றுக்கு இப்படியொரு பெயர் அமைந்தது வேடிக்கையே. வெயிலை நேரே வாங்கும் செங்குத்தான சரிவில் இருந்தால்தான் அவ்வூரில் பழம் பழுத்தது என்பதே அப்பெயர் சொல்லும் செய்தி.

பிற நாடுகளில் ஆஸ்திரேலியாவின் யாரா பள்ளத்தாக்கு, கிராம்பியன்ஸ், கான்பரா வட்டாரம், அடிலெய்ட் மலைகள், நியூசிலாந்தின் ஹாக்ஸ் பே, கலிபோர்னியாவின் சொனோமா கடற்கரை, சிலியின் கடலோரப் பள்ளத்தாக்குகள், சுவிட்சர்லாந்தின் வலே ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

குளிர்ந்த இடத்தில் பழம் மெதுவாகப் பழுக்கிறது. சர்க்கரை குறைவாகச் சேர்வதால் வைனில் ஆல்ககால் பெரும்பாலும் 12 முதல் 13.5 விழுக்காட்டுக்குள் நிற்கிறது. வெப்பநில ஷிராசில் இது 14.5 அல்லது அதற்கு மேல் செல்வதுண்டு. பழத்தின் இயற்கை அமிலம் எரிந்து போகாமல் எஞ்சுகிறது. இந்த அமிலமே பின்னர் முதிர்வுக்குக் காப்பாக அமைகிறது.

இளம் வைன்

இளமையில் இவ்வைன் ஏறக்குறையக் கரு ஊதா நிறத்தில் இருக்கும். மேற்கத்திய நூல்கள் இதன் பழமணத்தைப் பிளாக்பெர்ரி, ராஸ்பெரி என்று விவரிக்கும். அப்பழங்களைக் கண்டிராத தமிழ் வாசகருக்கு நன்கு பழுத்த நாவற்பழத்தை நினைத்துக்கொள்வது உதவும். மணம் அதுவே என்று கொள்ளக்கூடாது. எனினும் நாக்கைக் கறைப்படுத்தும் ஊதா, புளிப்புடன் கூடிய இனிப்பு, விழுங்கிய பின் வாயை இறுக்கும் துவர்ப்பு ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்திருப்பதில் நாவலே மிக நெருங்கிய உறவு. நாவற்பழத்தின் நிறமும் திராட்சைத் தோலின் நிறமும் அந்தோசயனின் என்ற ஒரே நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுடன் வயலட் என்ற பூவின் மணமும் சேரும். பீட்டா அயனோன் என்ற சேர்மம் இதற்கு ஒரு காரணம்.

துவர்ப்பைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழ் மரபு துவர்ப்பை அறுசுவைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. இன்றைய உடலியல் இதைச் சுவை என்று கொள்வதில்லை. டானின் என்னும் பொருள் உமிழ்நீரிலுள்ள புரதங்களுடன் பிணைந்து அவற்றைத் திரளச் செய்வதால் வாயின் வழவழப்பு குறைந்து உண்டாகும் தொடு உணர்வே அது என்கிறது. கடுக்காய், பாக்கு, வாழைப்பூ, கட்டித் தேநீர் அனைத்திலும் இதுவே நிகழ்கிறது. தேநீரில் பால் சேர்த்தால் துவர்ப்பு குறைவதற்குக் காரணம், டானினுக்கு உமிழ்நீர்ப் புரதத்திற்குப் பதிலாகப் பால் புரதம் கிடைத்துவிடுவதே. எவ்வாறாயினும், துவர்ப்பிற்குத் தனிச்சொல்லும் தனியிடமும் வைத்திருக்கும் ஒரு மொழி சிவப்பு வைனை விவரிக்க நன்கு ஆயத்தமான மொழி எனலாம்.

மிளகும் கோரைக்கிழங்கும்

குளிர்நிலச் சிராவின் தனி அடையாளம் மிளகு மணம். இது உவமை அன்று. மிளகில் உள்ள அதே மூலக்கூறு இவ்வைனிலும் உள்ளது. ஆஸ்திரேலிய வைன் ஆய்வு நிறுவனத்தின் வேதியியலர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் அது ரொட்டண்டோன் என்று கண்டறியப்பட்டது. 15 கார்பன் அணுக்களைக் கொண்ட இது செஸ்குவிட்டர்பீன் என்ற வகையைச் சேர்ந்தது.

இப்பெயரின் பின்னணி தமிழருக்குச் சுவையானது. இச்சேர்மம் முதன்முதலில் 1960களில் சைப்பரஸ் ரொட்டண்டஸ் என்ற தாவரத்தின் கிழங்கிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் அப்பெயர் பெற்றது. அத்தாவரம் வேறொன்றுமில்லை, நம் வயல்களில் களையாக முளைத்து உழவரை வாட்டும் கோரையே. அதன் கிழங்கு கோரைக்கிழங்கு, முத்தக்காசு என்ற பெயர்களில் நாட்டு மருந்துக் கடைகளிலும் குளியல் பொடிகளிலும் காணப்படுகிறது. ஆனால் கிழங்கில் இச்சேர்மத்தைக் கண்டவர்கள் அதற்கு மிளகு மணம் உண்டு என்று குறிப்பிடவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் உண்டுவரும் மிளகிலும் கூட, அதன் மணத்திற்கு முதன்மைக் காரணம் இதுவே என்பது வைனை ஆராயும்போதுதான் வெளிப்பட்டது. மிளகின் காரத்திற்குக் காரணமான பிப்பரின் வேறு, மணத்திற்குக் காரணமான இது வேறு.

ரொட்டண்டோனின் ஆற்றல் வியப்பூட்டுவது. நீரில் ஒரு லிட்டருக்கு 8 நானோகிராம், சிவப்பு வைனில் 16 நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு உணர்ந்துவிடும். ஒரு கணக்கிட்டுப் பார்க்கலாம். கடலூர் மாவட்டத்தின் வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, அதாவது ஏறத்தாழ 4,150 கோடி லிட்டர். இவ்வளவு நீருக்கும் மிளகு மணம் ஏற்ற ஏறத்தாழ 330 கிராம் ரொட்டண்டோன் போதும். அதே ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு இச்சேர்மத்தின் மணம், இதைவிடப் பல நூறு மடங்கு மிகுந்த அளவிலும் தெரியவில்லை. ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய வைனை இருவர் அருந்தி, ஒருவர் மிளகு என்றும் மற்றவர் அப்படியொன்றும் இல்லை என்றும் சொன்னால் இருவரும் உண்மையே சொல்கின்றனர்.

ரொட்டண்டோன் திராட்சையின் தோலில், பழுத்தலின் பிற்பகுதியில் சேர்கிறது. குளிர்ந்த ஆண்டுகளிலும் இலை நிழலில் தொங்கும் குலைகளிலும் மிகுதி. பழத்தின் வெப்பம் 25° செல்சியசுக்கு மேல் நீடித்தால் குறைகிறது. ஒரே தோட்டத்தில் நிழற்பக்கக் குலைக்கும் வெயிற்பக்கக் குலைக்கும் வேறுபாடு தெரியும். மெதுவாகப் பழுக்கும் குளிர்நிலத்திற்கே இம்மணம் உரியதாக இருப்பதன் காரணம் இதுதான்.

புட்டிக்குள் நிகழ்வன

புட்டியில் அடைத்தபின் வைன் உயிரற்ற நீர்மமாக இருப்பதில்லை என்று அழகாகச் சொல்வதுண்டு. உண்மையில் நொதித்தல் முடிந்துவிட்ட நல்ல வைனில் உயிர்ச் செயல்பாடு ஏதும் இருக்கக்கூடாது. நிகழ்வன அனைத்தும் மெதுவான வேதிவினைகள்.

முதலில் நிறம். இளம் வைனின் ஊதா தனித்த அந்தோசயனின் மூலக்கூறுகளால் ஆனது. அவை நிலையற்றவை. சில ஆண்டுகளிலேயே அவற்றின் பெரும்பகுதி மறைந்து, டானினுடன் இணைந்த நிலையான நிறமிகளாக மாறுகிறது. நிறம் ஊதாவிலிருந்து மாணிக்கச் சிவப்புக்கும், பின்னர் செங்கல் நிறத்திற்கும் செல்கிறது. கோப்பையைச் சாய்த்துப் பார்த்தால் மாற்றம் விளிம்பில்தான் முதலில் தென்படும். இணைந்து பருத்த மூலக்கூறுகளில் ஒரு பகுதி கரைந்திருக்க இயலாமல் வண்டலாக அடியில் படிகிறது. பழைய சிராவை ஊற்றுமுன் புட்டியை ஒருநாள் நிமிர்த்தி வைத்து, தெளிந்ததை மட்டும் வேறு கலத்திற்கு மெல்ல இறுத்துக்கொள்வர். தமிழில் 'தேறல்' என்ற சொல் இச்செயலோடு நேரே தொடர்புடையது. வண்டல் நீங்கித் தெளிந்த மதுவே தேறல். மூங்கில் குழாயில் இட்டு முதிர்விக்கப்பட்ட தேறலைப் பற்றிச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன.

அடுத்து துவர்ப்பு. டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி வண்டலாக விழுவதால் துவர்ப்பு குறைகிறது என்று பழைய நூல்கள் கூறும். இவ்விளக்கம் முழுமையற்றது. வைனின் அமிலம் டானின் சங்கிலிகளை வெட்டவும் செய்கிறது. வெட்டுப்பட்டவை நிறமிகளுடனும் பிறவற்றுடனும் மீண்டும் சேர்ந்து, உமிழ்நீர்ப் புரதத்தைப் பற்றும் திறன் குறைந்த புதிய வடிவங்களைப் பெறுகின்றன. வாயில் உணரப்படுவது என்னவோ ஒன்றுதான். கடுக்காயைக் கடித்தாற்போன்ற இறுக்கம் போய், பட்டுத்துணி உராய்வது போன்ற மென்மை வருகிறது. சிராவின் டானின் இயல்பாகவே கபர்னே சோவின்யோன் திராட்சையினுடையதை விட மென்மையானது என்பதால் இம்மாற்றம் சற்று விரைவில் தெரியும்.

மூன்றாவது மணம். நொதித்தலின்போது உண்டான பழமணம் மிக்க எஸ்டர்கள் ஓரிரு ஆண்டுகளில் சிதைகின்றன. இவற்றின் இடத்தைப் பிடிப்பவற்றுள் சிராவைப் பொறுத்தவரை முக்கியமானது டைமெத்தில் சல்பைடு. இது திராட்சையிலுள்ள ஓர் அமினோ அமிலச் சேர்மத்திலிருந்து புட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக விடுபடுகிறது. தனியே முகர்ந்தால் வேகவைத்த மக்காச்சோளத்தின் வாடை. மிகக் குறைந்த அளவில் வைனில் கலந்திருக்கும்போதோ கருநிற ஆலிவ், நிலத்தடிக் காளான் ஆகியவற்றின் மணத்தைத் தருவதோடு, எஞ்சிய பழமணத்தையும் தூக்கிக் காட்டுகிறது. அளவு மீறினால் சோளமே மிஞ்சும்.

ரொட்டண்டோன் இவ்வளவு மாற்றங்களுக்கும் நடுவே ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. அது வைனில் மிக நிலையானது. இளமையில் பழத்திற்குப் பின்னால் நின்ற மிளகு, பழம் ஒதுங்கியபின் முன்னால் நிற்பதாகத் தோன்றும். முதிர்ந்த வைனில் மிளகு 'கூடிவிட்டது' என்று சுவைஞர்கள் எழுதுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கூடவில்லை, மறைப்பு விலகியிருக்கிறது.

முதிர்வின் பருவங்கள்

கீழ்க்காண்பவை 12 முதல் 14° செல்சியசில் சேமிக்கப்பட்ட, வடக்கு ரோன் பாணியிலான நல்ல வைனுக்குப் பொருந்தும் பொது அளவுகள் மட்டுமே. ஆண்டும் தோட்டமும் மாறினால் இவையும் மாறும்.

முதல் மூன்று ஆண்டுகளில் பழம், வயலட், மிளகு ஆகியவை தெளிவாக இருக்கும். புளிப்பும் துவர்ப்பும் தனித்தனியே நிற்கும். காம்புகளோடு முழுக்குலையாக நொதிக்கவைத்த வைனாயின் பசுந்தண்டின் மணமும் இருக்கும். குரோஸ் எர்மிட்டாஜ், சான் ஜோசப் ஆகியவற்றில் பெரும்பாலானவை இப்பருவத்திலோ அதையொட்டியோ அருந்தத்தக்கவை.

நான்கு முதல் ஏழு ஆண்டுகள் வரை பல வைன்கள் 'மூடிக்கொள்ளும்'. பழமணம் போய்விட்டது, முதிர்மணம் இன்னும் வரவில்லை. இப்பருவத்தில் திறப்பவர் ஏமாற்றமடைந்து மீதிப் புட்டிகளை விற்றுவிடுவதும் உண்டு. இதற்கு ஒருமித்த வேதியியல் விளக்கம் எதுவும் நிறுவப்படவில்லை.

எட்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வரை உள்ள காலமே இவ்வைனைக் காத்து வைத்ததற்கான பயன். நிறம் மாணிக்கச் சிவப்பு. புதுத்தோல், உப்புக்கண்டம், புகை, ஆலிவ், மழையில் நனைந்த சருகு, மிளகு என மணங்கள் அடுக்கடுக்காக வரும். துவர்ப்பு அமிலத்துடன் ஒன்றிவிடும். பழம் முற்றிலும் போய்விடாமல் உலர்ந்த நிலையில் அடியில் இருக்கும்.

இருபது ஆண்டுகளைத் தாண்டுபவை எர்மிட்டாஜ், கோர்னாஸ், கோத் ரோட்டி ஆகியவற்றின் சிறந்த ஆண்டுகளே. பால் ஜபூலே ஐனே நிறுவனத்தின் 1961ஆம் ஆண்டு எர்மிட்டாஜ் லா ஷப்பெல் இவ்வகையில் பெரிதும் புகழப்படுவது. இந்நிலையில் தேயிலை, புகையிலை, உலர் அத்தி போன்ற மணங்கள் மிகும். அதற்கும் பிறகு பழம்புளியின் சாயல் தோன்றி, நிறம் பழுப்பாகி, அமிலம் மட்டும் தனித்து நிற்கும். அந்த வைன் முடிந்துவிட்டது.

குணமா குறையா

முதிர்ந்த சிராவின் விலங்குத்தன்மை வாய்ந்த மணம் நெடுங்காலமாக ரோன் மண்ணின் குணம் என்று போற்றப்பட்டது. பிற்பாடு செய்த பகுப்பாய்வுகள் அதில் கணிசமான பங்கு பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்டின் வேலை எனக் காட்டின. தூய்மை குறைந்த பழைய மரப்பீப்பாய்களில் வாழும் இது 4 எத்தில் பீனால் முதலிய சேர்மங்களை உண்டாக்குகிறது. குதிரை லாயம், மாட்டுத் தொழுவம், மருந்துப்பட்டி போன்ற வாடைகள் இவற்றால் வருபவை. மண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எந்த நாட்டுப் பீப்பாயிலும் இது நிகழும். சிறிதளவு இருந்தால் வைனுக்கு ஆழம் சேர்கிறது என்று வாதிடுவோர் இன்றும் உள்ளனர். மிகுந்தால் எல்லா வைனும் ஒரே வைனாகிவிடும் என்பதே இதற்கு எதிரான வலுவான வாதம்.

சிரா ஆக்சிசனைப் பெருமளவில் வேண்டும் திராட்சை. நொதித்தலில் போதிய காற்று கிடைக்காவிடில் ஐதரசன் சல்பைடு உள்ளிட்ட கந்தகச் சேர்மங்கள் உண்டாகி, அழுகிய முட்டை அல்லது எரிந்த ரப்பர் வாடை வரும். லேசானதாயின் கோப்பையில் ஊற்றிச் சற்று நேரம் வைத்தால் நீங்கும். தக்கையை விடக் குறைந்த ஆக்சிசனை உள்ளே விடும் திருகுமூடிகள் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2000ஐ ஒட்டிப் பரவியபோது இச்சிக்கல் பெரிதாகப் பேசப்பட்டது. தயாரிப்பு முறையைத் திருத்திக்கொண்டபின் திருகுமூடியிட்ட சிராவும் நன்கு முதிர்வது தெளிவாயிற்று, சற்று மெதுவாக.

வெப்பநாட்டில் சேமிப்பு

மேற்சொன்ன கால அளவுகள் எவையும் தமிழ்நாட்டு வீட்டு அலமாரிக்குப் பொருந்தா. விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். கடலிலிருந்து உள்ளே தள்ளியுள்ள இவ்வூரில் மே மாதப் பகல் வெப்பம் 40° செல்சியசைத் தொடுவதுண்டு. ஆண்டுச் சராசரியை 28° எனக் கொண்டால் நிலவறையின் 13°ஐ விட 15° கூடுதல். ஒவ்வொரு 10° உயர்வுக்கும் வேதிவினையின் வேகம் இரண்டு முதல் மூன்று மடங்காகும் என்ற பொது விதிப்படி, வினைகள் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாக நடக்கும். பதினைந்து ஆண்டு முதிர்வு மூன்று முதல் ஐந்தாண்டுகளில் கிடைத்துவிடுமே என்று இதிலிருந்து எண்ணுவது தவறு. எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் விரைவதில்லை. எஸ்டர் சிதைவும் ஆக்சிசனேற்றமும் டைமெத்தில் சல்பைடு உருவாதலும் ஒன்றையொன்று முந்திக்கொள்ள, பழம் வெந்து, சோளவாடை மிஞ்சி, டானின் மட்டும் முரடாகவே நிற்கும் வைன் கிடைக்கும். மெல்லிய தீயில் நெடுநேரம் வைத்துக் காய்ச்ச வேண்டியதைப் பெருந்தீயில் சட்டென்று காய்ச்சினால் அடிபிடிப்பது போன்றது இது.

வெப்பத்தின் அளவை விட அதன் ஏற்ற இறக்கம் மற்றொரு கேடு. வெப்பத்தில் நீர்மம் விரிந்து தக்கையை வெளித்தள்ளும். இரவில் சுருங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த புட்டியை ஏதேனும் நல்ல நாளுக்கென்று ஆண்டுக்கணக்கில் பரணில் போட்டு வைப்பது அதை அழிப்பதற்கு உறுதியான வழி. இத்தகைய இடங்களில் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டு, வறண்ட காற்றும் அதிர்வும் இருந்தபோதிலும், அலமாரியை விட மேலானது. அதனினும் மேலானது விரைவில் அருந்திவிடுவது.

மண்கலங்களும் விருத்தாசலமும்

திருமுதுகுன்றம், பழமலை என்ற பழம்பெயர்களைக் கொண்ட விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. இங்குப் பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் உள்ளன. மின்காப்புப் பொருட்கள், பொம்மைகள், கோப்பைகள் முதலியன இங்குச் செய்யப்படுகின்றன. வைனுக்கும் இவ்வூருக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் வைன் உலகம் 2000களுக்குப் பின் மீண்டும் கையிலெடுத்த கேள்வி ஒன்று இவ்வூர்ச் சூளைகளுக்கு நன்கு அறிமுகமானது. கலம் எவ்வளவு சுவாசிக்க வேண்டும் என்பதே அக்கேள்வி.

ஏறத்தாழ 1,000° செல்சியசில் சுடப்பட்ட சாதாரண மண்பானையில் நுண்துளைகள் மிகுதி. நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைநீர் குளிர்கிறது. அதே துளைகள் வழியே ஆக்சிசன் உட்புகுவதால் வைன் விரைவில் கெடும். எனவே ரோமானியர் தம் ஆம்போரா சாடிகளின் உட்புறம் மரப்பிசினைப் பூசினர். ஜார்ஜியா நாட்டினர் குவெவ்ரி என்னும் பெருந்தாழிகளுக்குத் தேன்மெழுகு பூசி மண்ணில் புதைக்கின்றனர். இம்முறை 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 1,200° செல்சியசுக்கு மேல் சுடும்போது களிமண்ணின் ஒரு பகுதி கண்ணாடியாக உருகித் துளைகளை அடைக்கிறது. நம் வீடுகளில் ஊறுகாய் போடும் ஜாடி இவ்வகை. எண்ணெயும் உப்பும் அதில் ஊறி வெளிவருவதில்லை. இன்னும் உயர்ந்த பீங்கானில் நீர் உறிஞ்சுதிறன் அரை விழுக்காட்டிற்கும் குறைவு.

சிராவைப் பீப்பாயிலன்றி மண்கலத்தில் முதிர்விப்போர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கலத்தையே விரும்புகின்றனர். ஓக் பீப்பாய் தரும் வனிலா, கிராம்பு மணங்கள் மண்கலத்தில் வருவதில்லை. மிளகையும் வயலட்டையும் மூடி மறைக்காமல் விடுவது இதன் நன்மை. கந்தக வாடைக்கு உள்ளாகும் இத்திராட்சைக்குச் சிறிதளவு காற்று கிடைப்பதும் நல்லதே.

கலத்தில் வந்த வைன் இப்பகுதிக்குப் புதிதுமன்று. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் பகுதி ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் கிரேக்கத்தின் கோஸ் தீவு வைனுக்குரிய வடிவச் சாடிகள் மிகுதி. கோஸ் வைனில் கடல்நீர் கலப்பது வழக்கம். நெடுங்கடற்பயணத்தில் கெடாதிருக்க உப்பு உதவியது. யவனர் கொண்டுவந்த மணமிக்க மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிப்பிடுகிறது. அந்த மது எத்தனை மாத வெயிலைத் தாண்டி வந்திருக்கும் என்பதை எண்ணினால், அது இன்றைய சுவைஞரின் அளவுகோலில் தேறியிருக்குமா என்பது ஐயமே.

இந்தியாவில் சிரா

இந்தியாவில் சிரா பெரும்பாலும் ஷிராஸ் என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. மகாராட்டிரத்தின் நாசிக், கருநாடகத்தின் நந்தி மலைப்பகுதி ஆகியவை முதன்மையான விளைநிலங்கள். 1988இல் கன்வல் குரோவர் தொடங்கிய குரோவர் நிறுவனத்தின் லா ரிசர்வ் கபர்னே சோவின்யோனும் ஷிராசும் கலந்தது. நாசிக்கின் சூலா நிறுவனத்தின் ராசா ஷிராஸ் இத்திராட்சையை முதன்மையாகக் கொண்டது.

இவை குளிர்நிலங்கள் அல்ல. எனினும் ஒரு வினோதம் உண்டு. வெப்பமண்டலத்தில் கொடி குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்யப்பட்டு, மழைக்காலம் முடிந்தபின் காய்க்கவிடப்பட்டு, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடையாகிறது. ஐரோப்பாவில் கோடையில் பழுப்பது இங்குக் குளிர்காலத்தில் பழுக்கிறது. பழுக்கும் மாதங்களில் நாசிக்கின் இரவு வெப்பம் 10°ஐ ஒட்டி இறங்குவதால் அமிலம் ஓரளவு காக்கப்படுகிறது. பகல் வெயில் வலுவானதால் மிளகை விடப் பழமே மேலோங்கும். பெரும்பாலானவை மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்குள் அருந்தத்தக்கவை.

தமிழ்நாட்டின் திராட்சைப் பெருநிலமான கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது மஸ்கட் ஹாம்பர்க் என்ற பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இது உண்பதற்கும் சாற்றுக்கும் உரியது. முதிரும் வைனுக்குத் தேவையான டானின் இதில் குறைவு.

வெப்பமாகும் வடக்கு ரோன்

வடக்கு ரோனில் சிரா அறுவடை வழக்கமாகச் செப்டம்பர் பிற்பகுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் நடந்துவந்தது. 2003இல் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலையின்போது ஆகஸ்ட் மாதத்திலேயே நடந்தது. அன்று விதிவிலக்காகத் தெரிந்தது, பின்னர் வந்த வெப்ப ஆண்டுகளில் பழகிப்போன ஒன்றாக மாறிவருகிறது. வைனின் ஆல்ககால் ஏறியுள்ளது, அமிலம் இறங்கியுள்ளது. முன்பு பழுக்காத ஆண்டுகள் பத்தில் மூன்று நான்கு இருந்ததற்கு மாறாக இன்று ஏறக்குறைய எல்லா ஆண்டும் பழுக்கின்றன என்பதால் உழவருக்கு இதில் ஆதாயமும் உண்டு. வெப்பத்தில் குறைவது ரொட்டண்டோன் என்பதால், இழப்பு மிளகிலேயே முதலில் தெரியும். சிலர் குலைகளை மூடும் இலைகளை முன்போல் கிள்ளி எறியாமல் விட்டுவிடுகின்றனர். சிலர் வறுபட்ட சரிவை விட்டு மேட்டுச் சமவெளிகளிலும் நிழல் விழும் பக்கங்களிலும், பாட்டனார் காலத்தில் பழுக்காது என்று ஒதுக்கப்பட்ட நிலங்களில் புதுக்கொடிகளை நடுகின்றனர். அக்கொடிகளின் வைன் எவ்வாறு முதிரும் என்பதை அறிய இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.